ஃபெட்ச்சை அங்கங்கே எழுதாதீர்கள்

இரண்டு வருடத்துக்கு முன், நல்லூர்த் திருவிழா நேரம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கடைக்கு ஓடர் எடுக்கும் தளம் செய்து கொடுத்திருந்தேன். பனங்கட்டி, ஒடியல் மா, மிளகாய்த்தூள், இப்படியான சாமான்கள். ஒரு பின்னேரம் கடைக்கார அண்ணை போன் எடுத்தார். “தம்பி, ஒரு அக்கா ஓடர் போட்டிட்டன் எண்டு வந்து நிக்கிறா. எங்களிட்ட அப்பிடி ஒண்டும் வரேல்லை.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த அக்காவின் போனில் பச்சைச் சரி அடையாளத்தோடு “உங்கள் ஓடர் கிடைத்தது” என்று இருந்தது. சேர்வர் பதிவில் அதே நிமிடத்துக்கு 500 எரர், அதாவது சேர்வருக்குள்ளேயே ஏதோ பிழை. சாவகச்சேரியில் இருந்து பஸ் ஏறி வந்தவர். பிழை என் கோடில்.

ஃபெட்ச் என்பது ஜாவாஸ்கிரிப்டில் சேர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பிப் பதில் வாங்குகிற கட்டளை. அதை எழுதுகிற எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். இணைப்பே அறுந்தால்தான் அது எரர் எறியும். சேர்வர் 404 (கேட்டது இல்லை) என்றோ 500 என்றோ சொன்னால், பதில் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்பதுதான் அதன் கணக்கு. எரரைப் பிடிக்க நாங்கள் எழுதிவைக்கும் கேட்ச் பகுதிக்குள் போகவே போகாது. ரெஸ்பான்ஸ் டொட் ஓகே என்பதை நாங்கள்தான் பார்க்க வேண்டும். 200 முதல் 299 வரை வந்தால் மட்டும் அது உண்மை. அந்தத் தளத்தில் 14 இடங்களில் ஃபெட்ச் இருந்தது. 13 இடங்களில் பார்த்திருந்தேன்.

அதனால்தான் என்னிடம் கேட்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஃபெட்ச்சுக்கு மேலே ஒரு மெல்லிய ராப்பர், அதாவது அதைச் சுற்றிப் போர்த்துகிற ஒரு ஃபங்ஷன், போடுங்கோ, எல்லா ரிக்வெஸ்ட்டும் அதன் வழியாகவே போகட்டும். நீங்களே 30 வரியில் எழுதினாலும் சரி, கே-வை (Ky) போல, மற்றவர்கள் எழுதிவைத்த ஒரு சின்ன லைப்ரரி எடுத்தாலும் சரி. “ஃபெட்ச்தான் பிரவுசரிலேயே இருக்கே, 2022இல், சேர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுகிற நோட்டின் 18ஆம் பதிப்பு வந்ததில் இருந்து சேர்வர் பக்கமும் இருக்கே, பிறகு ஏன் இன்னொன்று?” என்று கேட்கிறார்கள். அடியில் ஃபெட்ச் வேலை செய்வதால்தான் ராப்பர் சின்னதாக இருக்கிறது. ஆறுதலாக இருந்து உள்ளே என்ன நடக்கிறது என்று வாசித்தும் விடலாம்.

வாசிக்காமல் போட வேண்டாம். கே-வை 10 செக்கன் பொறுத்துப் பார்த்துவிட்டு டைம் அவுட் சொல்லும். ஓடும் பஸ்ஸில் சிக்னல் விட்டு விட்டு வரும் ஒருவருக்கு, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தை விட அது எவ்வளவோ மேல். ஆக்சியோஸ் என்ற இன்னொரு லைப்ரரி 404, 500 எல்லாவற்றையும் தானே எரர் ஆக்கும், அது நல்லது. ஆனால் டைம் அவுட் நாங்கள் குறிக்காவிட்டால் அங்கே பூச்சியம்தான், அதாவது எல்லையே இல்லை.

அப்புறம் திரும்ப அனுப்புகிற விசயம். கே-வை, 503 (சேர்வர் இப்போதைக்கு ஏற்க முடியாது) போன்ற எரர் வந்தால், தரவை வாங்க மட்டும் கேட்கிற கெட் ரிக்வெஸ்ட்டை இரண்டு தடவை வரை தானாகவே திரும்ப அனுப்பும். புதிதாக ஒன்றைப் பதிய அனுப்புகிற போஸ்ட்டை அனுப்பாது. ஒரு தம்பி இதைக் குறை என்று நினைத்து, கொழும்பு பஸ் சீட் பதிகிற பக்கத்தில் போஸ்ட்டுக்கும் திறந்துவிடப் பார்த்தார். மறித்தேன். ரிக்வெஸ்ட் சேர்வருக்குப் போய்ச் சேர்ந்து, சீட்டும் பதிந்து, பதில் மட்டும் இடையில் தொலைந்திருக்கலாம். திரும்ப அனுப்பினால் ஒரு ஆளுக்கு இரண்டு சீட், இரண்டு தரம் காசு. அதைத் திறக்க வேண்டுமானால், ஒவ்வொரு பதிவுக்கும் தனி இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் மறுபடி வந்தால் சேர்வர் அடையாளம் காண வேண்டும். முதலில் அதைச் செய்யுங்கோ.

லைப்ரரிகளும் நிலைத்து நிற்பதில்லை. நோட் உலகத்தில் எங்கு பார்த்தாலும் இருந்த ரிக்வெஸ்ட் என்ற லைப்ரரியை 2020 பெப்ரவரியில் கைவிட்டார்கள். ராப்பர் ஒரே கோப்பில் இருந்தால், மாற்றுவதும் அந்த ஒரு கோப்பில்தான்.

கடைத் தளத்தின் அந்த 14 இடங்களும் இப்போது ஒரே கோப்பு ஊடாகத்தான் போகின்றன. 500 வந்தால் “ஓடர் பதியவில்லை, கடைக்கு ஒருக்கா போன் எடுங்கோ” என்று சிவப்பில் வரும், கீழேயே இலக்கமும் இருக்கும். உங்கள் சேர்வரையும் வேண்டுமென்றே ஒருதரம் 500 அனுப்ப வைத்து, திரையில் என்ன வருகிறது என்று இன்றைக்கே பாருங்கோ.