மடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்

ட்ரையல் ரூம் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டினாள் அக்கா மகள். 19 வயது. முகம் வாடிக் கிடந்தது. "இதுவும் வேண்டாம் சித்தி. என் உடம்புக்கு எந்த டாப்ஸும் நல்லாவே இருக்காது." அன்றைக்கு அது ஐந்தாவது டாப்ஸ். ஐந்தையும் அதே காரணத்தைச் சொல்லித்தான் கழற்றிப் போட்டிருந்தாள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். முன்பக்கம் பட்டன் வைத்த டாப்ஸ், இழுபடாத பருத்தித் துணி. இரண்டாவது பட்டனுக்கும் மூன்றாவது பட்டனுக்கும் நடுவில் துணி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இரண்டு அக்குளிலிருந்தும் அந்த இடத்தை நோக்கி இறுக்கமான மடிப்புகள் ஓடின. ஆனால் தோள் தையலோ எலும்பு முடியும் இடத்தைத் தாண்டி ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. மார்புக்குச் சின்னது, தோளுக்குப் பெரியது, இரண்டும் ஒரே டாப்ஸில். இதில் அவள் உடம்பு செய்த தப்பு என்ன? அந்தத் துணியை வெட்டியவர் வேறு யாரோ ஒருத்தியின் அளவை மனதில் வைத்து வெட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

பல வருடங்களாகத் தைக்கிறேன். எனக்கும் பிறருக்கும் தைத்திருக்கிறேன், கடையில் வாங்கியதைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். ஒல்லியானவர்கள், பருமனானவர்கள், பள்ளி முடித்த பெண்கள், பேரன் எடுத்தவர்கள் என்று யார் வந்தாலும் கண்ணாடி முன்னால் நின்று முதலில் சொல்வது இதைத்தான்: "எனக்கு இடுப்பு சரியில்லை", "எனக்குத் தோள் சரியில்லை". துணி சரியில்லை என்று யாரும் ஆரம்பிப்பதே இல்லை. எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த சைஸ் எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேரை அழ வைப்பது அதுதான். 1939, 40 வாக்கில் அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக ரூத் ஓபிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இரண்டு பேர் கிட்டத்தட்ட 15,000 பெண்களை அளந்தார்கள். ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்தார்கள். 1941-இல் அது வெளியானது. அதில் கணக்கில் எடுத்துக்கொண்டது வெள்ளைக்காரப் பெண்களை மட்டும்தான். அந்த ஆய்வை அடியொற்றி 1958-இல் ஒரு சைஸ் தரம் வந்தது. 1983-இல் அதையும் கைவிட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பத்துக்கு எண் போட்டுக்கொள்கிறது. வாங்குபவர் மகிழட்டும் என்று பெரிய அளவுக்குச் சின்ன எண்ணை ஒட்டும் பழக்கமும் பரவிவிட்டது. ஆக, ஒரு கடையில் எம், இன்னொரு கடையில் எக்ஸ்எல் என்றால் நடுவில் நீங்கள் பருத்துவிடவில்லை. லேபிளில் இருப்பது ஒரு நிறுவனத்தின் முடிவு. அதைத் தராசு முள் மாதிரி பார்க்காதீர்கள். இரண்டு மூன்று சைஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள், எண்ணைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள்.

சரி, போட்டாகிவிட்டது. எங்கே பார்ப்பது?

தோளில் ஆரம்பியுங்கள். தோளின் மேல் விரலை வைத்து வெளிப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் எலும்பு முடிகிற ஒரு முனை தட்டுப்படும். கை வைத்துத் தைத்த டாப்ஸ் என்றால் கை தொடங்கும் தையல் அந்த முனையில் உட்கார வேண்டும். வேண்டுமென்றே தோளை இறக்கித் தைத்த ஸ்டைல் வேறு கணக்கு. தோளை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பக்கவாட்டில் லூசாக இருந்தால் பிடித்துத் தைத்துவிடலாம், நீளத்தை மடித்துவிடலாம். தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையைக் கழற்றி, கழுத்து வரைக்கும் பிரித்து, மறுபடி வெட்டி ஏற்ற வேண்டும். அதற்குப் புதிதாகவே தைத்துவிடலாம்.

அப்புறம் மடிப்பு. இதுதான் என் அனுபவத்தில் மிகப் பெரிய விஷயம். துணியில் இரண்டு வகை மடிப்பு விழும். ஒன்று இறுக்கமானது, கயிறு இழுத்த மாதிரி நேராக ஓடும். அது எந்த இடத்தை நோக்கி ஓடுகிறதோ அங்கே துணி போதவில்லை என்று அர்த்தம். இன்னொன்று தொய்வானது, திரைச்சீலை மாதிரி தொங்கும். அங்கே துணி மிச்சம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதித் தையல் தெரிந்த மாதிரி.

ஓர் உதாரணம். பின்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே துணி திரண்டு நிற்கும். பார்த்தவுடன் "முதுகு லூசு, பிடித்துக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். பெரும்பாலும் சிக்கல் கீழேதான் இருக்கும். உட்காரும் பகுதியில் இறுக்கமாக இருப்பதால் டாப்ஸ் கீழே இறங்க முடியாமல் மேலே ஏறி, ஏறிய துணி இடுப்பில் வந்து தங்குகிறது. பக்கத் தையலைக் கீழே கொஞ்சம் பிரித்துவிட்டால் அந்த மடிப்பு தானாக இறங்கிவிடும். பிடித்துத் தைத்தீர்களோ, இன்னும் மோசமாகும். அதே மாதிரி பக்கவாட்டில் திரும்பி நின்று பக்கத் தையலைப் பாருங்கள். தூக்குக் குண்டு கட்டிவிட்ட மாதிரி நேராகத் தரையை நோக்கி இறங்க வேண்டும். கீழே போகப் போக முன்பக்கம் வளைந்தால், முன் விளிம்பும் தூக்கிக்கொண்டிருந்தால், மார்புக்கோ வயிற்றுக்கோ முன்பக்கத் துணி போதவில்லை.

மார்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அக்கா மகளுக்கு நடந்தது அதுதான். வீட்டுத் தையலுக்கு விற்கும் பேட்டர்ன்களில், அதாவது துணி வெட்ட உதவும் காகித மாதிரிகளில், பெரும்பாலானவை பிராவின் பி கப் அளவை வைத்து வரைந்தவை. ஆயத்த ஆடையிலும் ஓர் அடிப்படை அளவுக்கு வரைந்துகொண்டு, அதையே கூட்டிக் குறைத்துத்தான் மற்ற சைஸ்களை எடுக்கிறார்கள். சைஸ் ஏற ஏற மார்பு கூடும், கூடவே தோளும் கழுத்தும் கூடிக்கொண்டே போகும். அதனால் தோள் சிறுத்து மார்பு பெருத்த பெண், மார்புக்காகப் பெரிய சைஸ் எடுத்தால் தோள் வழிகிறது. தோளுக்காகச் சின்ன சைஸ் எடுத்தால் பட்டன் பிளக்கிறது. உலகத்தில் எத்தனையோ பெண்களின் உடம்பு அப்படித்தான் இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு வெட்டுவது தொழிலின் குறை.

அப்படிப்பட்டவர்கள் டாப்ஸின் வெட்டைப் பார்த்து எடுங்கள். தோளிலிருந்தோ கைத் தையலிலிருந்தோ மார்பு வழியாகக் கீழே இறங்கும் பிரின்சஸ் கட், ஒன்றின் மேல் ஒன்று மடிந்து வரும் ராப் ஸ்டைல், நெஞ்சுக்கு மேல் பட்டி வைத்துக் கீழே சுருக்கு விட்டது, இவையெல்லாம் மார்புக்கு இடம் கொடுக்கும். ராக்லன் கையும் நல்லது. அதில் தையல் கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும், தோள் முனை என்ற பிரச்சினையே கிடையாது. 1815-இல் வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயர் அது. டார்ட் (துணியைக் கூராக மடித்துத் தைப்பது) வைத்த டாப்ஸ் என்றால் அதன் கூர் முனை எங்கே முடிகிறது என்று பாருங்கள். மார்பின் உச்சியை நோக்கியிருக்க வேண்டும், ஆனால் சுமார் ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். உச்சிக்கு மேலேயோ கீழேயோ போனால் அங்கே ஒரு வெற்றுக் கூம்பு புடைத்து நிற்கும். இதைப் பார்க்கப் போகும்போது வழக்கமாகப் போடும் பிராவையே போட்டுக்கொண்டு போங்கள். பிரா மாறினால் மார்பின் உயரம் மாறும், டார்ட் இடம் தப்பும்.

இனி ஆர்ம்ஹோல், அதாவது கை ஏற்றித் தைக்கும் வளைவு. இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அக்குளில் தாராளமாக இறக்கி வெட்டியிருந்தால் கையைச் சுலபமாகத் தூக்கலாம் என்று தோன்றும். உண்மையில் நேர் எதிர். ஆர்ம்ஹோல் கீழே இறங்க இறங்க, கையும் உடலும் வௌவால் இறக்கை மாதிரி ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். கையைத் தூக்கினால் டாப்ஸ் முழுவதும் கூடவே எழும்பும். அக்குளுக்கு அருகில், உறுத்தாமல், பிடிக்காமல் உயரமாக வெட்டிய ஆர்ம்ஹோலில்தான் உடல் துணி இடத்தில் நிற்க, கை மட்டும் சுழலும். எனவே ட்ரையல் ரூமில் சிலை மாதிரி நிற்காதீர்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள், முதுகில் துணி இழுக்கிறதா பாருங்கள். குனியுங்கள். உட்காருங்கள். நாள் முழுக்க நாம் செய்வது இதைத்தானே?

கையைத் தொங்கவிடும்போது அக்குள் பக்கம் லேசாக மடிப்பு விழுந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். கையைத் தூக்குவதற்கு வேண்டிய துணி கையை இறக்கும்போது எங்கேயாவது போய்த் தங்க வேண்டுமல்லவா? ஒரு சுருக்கமும் இல்லாமல் வழவழவென்று விழும் கை, பெரும்பாலும் தூக்க முடியாத கை.

துணியைப் பற்றிச் சுருக்கமாக. கைக்குள் ஒரு மூலையைக் கசக்கிப் பத்து எண்ணிவிட்டு விடுங்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எலாஸ்டேன் கலந்த துணி என்றால் (1958-இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இழுபடும் இழை இது) எவ்வளவு இழுபடுகிறது என்பதைவிட, விட்டதும் பழைய நிலைக்கு வருகிறதா என்பதுதான் முக்கியம். வராவிட்டால் சில தடவை போட்டதுமே முழங்கைப் பக்கம் பை மாதிரி தொங்கிவிடும். பனியன் துணி டாப்ஸில் பக்கத் தையல் இப்போதே முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்திருந்தால் வைத்துவிடுங்கள், துவைத்தால் இன்னும் முறுக்கும். கடைசியாக உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு அப்பால் அரை அங்குலமாவது துணி விட்டிருந்தால் பின்னால் பிரித்து விடலாம். ஓரம் பிரியாமலிருக்கப் போடும் ஓவர்லாக் தையல் மட்டும் ஓட்டி ஒட்ட வெட்டியிருந்தால் இறுக்கத்துக்கு வைத்தியம் இல்லை.

ஸ்டைல் பற்றி எனக்குக் கோபம் உண்டு. குட்டையானவர்கள் இதைப் போடக் கூடாது, குண்டானவர்கள் அதைப் போடக் கூடாது என்று எத்தனை தடைகள்! குறுக்குக் கோடு பருமனாகக் காட்டும் என்பது எல்லோரும் வேதமாக நம்பும் ஒன்று. 1867-லேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களை எடுத்து, குறுக்குக் கோடு போட்ட சதுரம்தான் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரிகிறது என்று காட்டினார். 2011-இல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்ஸனும் உடன் ஆய்வு செய்தவரும் பெண் உருவப் படங்களை வைத்துச் சோதித்து, குறுக்குக் கோடு குண்டாகக் காட்டவில்லை என்று எழுதினார்கள். நான் பார்த்தவரை குறுக்குக் கோட்டில் ஒருவர் சங்கடமாகத் தெரிகிறார் என்றால், டாப்ஸ் இறுகி அந்தக் கோடுகள் வளைந்திருக்கும். நேராக ஓட வேண்டிய கோடு நெளிவதைத்தான் கண் பிடித்துக்கொள்கிறது. சரியான அளவில் அதே கோடு அழகாக இருக்கும்.

ஸ்டைலில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கீழ் விளிம்பு எங்கே முடிகிறது? பார்வை அங்கேதான் போய் நிற்கும். ஓர் அங்குலம் ஏற்றி மடித்தாலே வேறு டாப்ஸ் ஆகிவிடும். கண்ணாடி முன்னால் நின்று விளிம்பை உள்பக்கம் மடித்து மடித்துப் பாருங்கள், உங்களுக்குப் பிடித்த இடம் ஒன்று கிடைக்கும். மற்றபடி நிறமோ கழுத்தோ, உங்களுக்குப் பிடித்திருந்தால் சரி.

தலைக்கு நேர் மேலே விளக்கு எரியும் ட்ரையல் ரூமில் ஒவ்வொரு மடிப்புக்குக் கீழேயும் நிழல் விழும், இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். முகமும் களைத்துப்போன மாதிரி இருக்கும். முடிந்தால் வெளிச்சம் வரும் இடத்தில் வந்து நில்லுங்கள். முதுகை யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். எட்டிப் பார்த்தால் உடம்பு திரும்பும், துணியும் திரும்பும், ஒன்றும் சரியாகத் தெரியாது.

இதையெல்லாம் அன்றைக்கு அவளிடம் பாடமாக நடத்தவில்லை. அந்தப் பிளந்த பட்டனைக் காட்டி, "இந்த மடிப்பு எங்கே போகுதுன்னு விரலை வச்சுப் பாருடி" என்றேன். வைத்துப் பார்த்தாள். பிறகு தோளைத் தொட்டுக் காட்டினேன், வெட்டைப் பற்றியும் ஆர்ம்ஹோலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தானே போய் மூன்று டாப்ஸ் எடுத்து வந்தாள், இரண்டு பிரின்சஸ் கட், ஒரு ராக்லன்.

நான் வெளியே காத்திருந்தேன். உள்ளேயிருந்து ஹேங்கர் சத்தம், கையைத் தூக்கி இறக்கும் சரசரப்பு. கதவு திறந்தது, இந்தத் தடவை முழுசாக. பச்சை நிற டாப்ஸ் போட்டிருந்தாள்.

"நெஞ்சுல சரியா உட்காருது சித்தி, ஆனா கையைத் தூக்கினா மொத்தமும் மேல வருது. ஆர்ம்ஹோலை ரொம்ப இறக்கி வெட்டிட்டாங்க. இருங்க, அடுத்ததைப் போட்டுட்டு வரேன்."