ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது

ஜெர்மனிக்குப் புதிதாக வரும் நம்மாட்கள் குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை மூடுவதை மட்டும் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள். "முன்னேறிய நாடாம், ஒரு பாக்கெட் பால் வாங்க வழியில்லை" என்று வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் ஒருவர் பொரிந்து தள்ளுகிறார். இந்த விஷயத்தில் நான் ஜெர்மன்காரர்கள் கட்சி.

கடை நேரத்துக்கென்று 1956-லேயே இங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். 2006-க்குப் பிறகு மாநிலங்களே நேரத்தை முடிவு செய்யலாம் என்று ஆனது. பெர்லினில் திங்கள் முதல் சனி வரை விடிய விடியத் திறந்து வைக்கலாம். நான் இருக்கும் மூனிக்கில் இரவு 8 மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் அவ்வளவு சுலபமாக யாராலும் கைவைக்க முடியாது. அந்த நாளின் ஓய்வு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919-ல் எழுதிய விதியை அப்படியே வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் திறக்கலாம் என்று பெர்லின் அரசு சொல்லிப் பார்த்தது. தேவாலயங்கள் வழக்குப் போட்டன. 2009 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது.

அதனால் வீட்டுச் சாமான் எல்லாம் சனிக்கிழமைதான். ஈஸ்டர் வந்தால் இன்னும் மோசம்: வெள்ளி லீவு, சனி மட்டும் கடை, ஞாயிறும் திங்களும் மறுபடி லீவு. அந்தச் சனிக்கிழமை கூட்டத்தைப் பார்த்தால் மறுநாள் ஊரடங்கு என்று நினைப்பீர்கள். காலி பாட்டில் மூட்டையோடு மெஷின் முன்னால் ஒரு வரிசை (வாங்கும்போது பாட்டிலுக்குக் கட்டிய முன்பணம், 25 சென்ட் வரை, திரும்பக் கிடைக்கும், விடுவோமா?), பில் போட இன்னொரு வரிசை.

பில் போடுமிடத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. ஓடும் பட்டையில் சாமான்களை நாமே எடுத்து வைக்க வேண்டும். நமக்கும் பின்னால் நிற்பவருக்கும் நடுவே ஒரு கட்டையையும் வைக்க வேண்டும். பில் போடும் அம்மா சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி பீப் பீப் என்று தள்ளிவிடுவார். பையில் போட்டுத் தர ஆள் கிடையாது. தயிர் டப்பா உருண்டாலும் அது நம் பாடு. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார், யாருக்கும் அது மரியாதைக் குறைவாகத் தெரியவில்லை.

ஊரில் எங்கள் தெரு அக்கா ஒருவர் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தார். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே வேலை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தால்கூட சூப்பர்வைசர் கத்துவார். தீபாவளி நெருங்கினால் வார லீவும் போய்விடும். ராத்திரி வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளை 24 மணி நேரமும் திறக்க 2019-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். சுழற்சி முறையில் வார லீவு தர வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. ஆனால் அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு கிடைத்து என்ன பயன்? பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், வீட்டுக்காரர் வேலையில். எல்லாருக்கும் ஒரே நாளில் கிடைக்கும் லீவுதான் லீவு.

நர்ஸும் ரயில் ஓட்டுநரும் ஞாயிறு வேலை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்கிறார்கள். அவர்கள் இல்லாமல் முடியாது. எனக்கு ஞாயிறு மத்தியானம் புது ஷூ இல்லாமல் முடியும். ஹோட்டல்காரர்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் என்னிடம் பதில் இல்லை, நானும்தான் போய்ச் சாப்பிடுகிறேன்.

சரி, புதிதாக வந்தவர்களுக்கு ஒரு தகவல். பெரிய ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் ஞாயிறன்று திறக்கும் கடைகள் உண்டு, பெட்ரோல் பங்கிலும் பால் கிடைக்கும். விலை கூடுதல். ரயில் நிலையக் கடை வரிசையில் பாதிப் பேர் நம்மாட்களாகத்தான் இருப்பார்கள், பேச்சுத் துணைக்குக் குறைவிருக்காது.