கட்டாயப்படுத்தும் கல்லூரிதான் புத்தகத்துக்கும் பொறுப்பு

அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை புத்தகம் இலவசமாகக் கைக்கு வந்துவிடுகிறது. அதே பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். கட்டணத்துக்கே கடன் வாங்கிய வீட்டில் இதற்கு எங்கே போவது?

என் தங்கை மகள் பொறியியல் முதலாண்டு படிக்கிறாள். அவள் கல்லூரியில் இன்ன புத்தகம், இன்ன எடிஷன் என்று சொல்லி, வாங்காவிட்டால் இன்டர்னல் மார்க்கில் கைவைப்போம் என்கிறார்கள். சீனியரிடம் வாங்கிய பழைய எடிஷன் செல்லாதாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாடம் அப்படியேதான் இருக்கிறது, பயிற்சிக் கணக்குகளின் வரிசைதான் மாறியிருக்கிறது. நூலகத்தில் இருப்பதோ ஒரே பிரதி, அதுவும் ரெஃபரன்ஸ் பிரிவில். வீட்டுக்குத் தர மாட்டார்கள். கடைசியில் பிள்ளைகள் 'லோக்கல் ஆத்தர்' புத்தகத்தை, அதாவது உள்ளூர் ஆசிரியர்கள் தேர்வுக்கென்றே எழுதும் கைடை வாங்கி, தேர்வுக்கு வரும் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். நல்ல புத்தகத்தைப் படிக்க வைக்கத்தானே இந்தக் கட்டாயம்?

எனக்கு அதிகம் கோபம் வருவது ஜெராக்ஸ் விஷயத்தில்தான். இரண்டு பாடங்களை நகலெடுத்துக்கொண்டு போனால் திருட்டுப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கற்பித்தலுக்காக ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதை அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களும் 2012இல் வழக்குப் போட்டன. பல புத்தகங்களிலிருந்து பாடத்திட்டத்துக்கு வேண்டிய பக்கங்களை எடுத்துத் தொகுத்துக் கொடுத்ததுதான் அந்தக் கடை செய்த குற்றமாம். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்கூட வழக்கைக் கைவிடச் சொன்னார். 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு சிலவற்றை மறுபடி விசாரிக்கச் சொன்னாலும், கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. இவ்வளவு நடந்த பிறகும் நம் கல்லூரிகளில் எத்தனை பேராசிரியர்களுக்கு இது தெரியும்?

முழுப் புத்தகத்தையும் அச்சடித்து விற்கட்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதியவருக்குப் பணம் போக வேண்டும். அந்தப் பணத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் சட்டைப்பையிலிருந்துதான் எடுக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் கல்லூரி, தானே கட்டாயம் என்று சொல்லும் புத்தகத்தில் வகுப்புக்குப் பத்துப் பிரதியாவது வாங்கி வைக்கலாம்.

பட்டியல் போடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தகத்தின் பெயரோடு விலையையும் எழுதுங்கள். பழைய எடிஷன் போதுமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஐஐடிகளின் என்பிடெல் வீடியோ பாடங்களும், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் இலவசமாக வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. முதலாண்டு இயற்பியலும் கால்குலஸும் அதிலேயே இருக்கின்றன. அடுத்த செமஸ்டர் பட்டியலில் முதல் வரியாக அதைப் போடுங்கள், அப்புறம் மற்றதை எழுதுங்கள்.