சமையல் யாரு என்று கேட்டவருக்கு

ஞாயிற்றுக்கிழமை என் ஓவியக் கண்காட்சியில் நடந்ததைப் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேர் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். 14 படம் மாட்டியிருந்தேன், எல்லாம் ஏற்காட்டு ஐப்பசிக் காடு. நிறத்தைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை. மைக்கை வாங்கியவர் கேட்டது, "மாசம் ரெண்டு நாள் தனியா மலைக்குப் போயிடறீங்களே, வீட்ல சமையல் யாரு?"

நான் மலைக்குப் போவது வேலைக்கு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ச் செய்யும் வேலை.

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மேல்நாட்டுப் படங்கள் மாதிரி காடே சிவந்து இலை உதிர்வது இங்கே கிடையாது. மழை, பனிமூட்டம், காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி. அந்த ஓக் இலை மேலே பச்சை, அடியில் வெள்ளி. காற்று புரட்டினால் மரமே ஒரு நொடி வெளுத்துவிடும். வாட்டர்கலரில் அந்த வெள்ளையை நான் பூசுவதில்லை, பேப்பரை அப்படியே விட்டுவைக்கிறேன். எங்கே விடுவது என்பது பிரஷ் படுவதற்கு முன்பே தெரிய வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டு இருக்கணும். பக்கத்தில் ஒருவர் "முடிஞ்சுதா?" என்றால் போச்சு.

"போட்டோ எடுத்து வந்து வீட்டிலேயே வரையலாமே" என்பார்கள். வரைந்து பார்த்தேன். போட்டோவில் பனி வெறும் சாம்பல். மலை மேலே பேப்பர் லேசில் காயாது, நிறம் தானாகப் படர்ந்து விளிம்பு கரையும். அந்தப் பனியைப் பாதி போட்டது அந்த ஈரம்தான். சேலத்துச் சித்திரை வெயிலில் அடுத்த நிறம் தொடுவதற்குள் முதல் நிறம் காய்ந்துவிடும்.

"எல்லாப் பெண்களாலும் இப்படிப் போக முடியுமா?" முடியாது. நானும் போகாமல் இருந்தால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

"வீடு பிடிக்காமல் ஓடுகிறாள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஈரப் படங்களை மகளின் யூனிபார்முக்குப் பக்கத்தில்தான் கொடியில் கிளிப் போட்டு மாட்டுகிறேன். "அம்மா, இந்த மரம் தூங்குது" என்றாள். கண்காட்சியில் அந்தப் படத்துக்கு அதுதான் பெயர். வீட்டில் கிடைத்த பெயர்.

அப்புறம் என் அம்மா. அம்மாபேட்டையில் நாளெல்லாம் நெசவுத் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றினவர். மார்கழி விடிகாலையில் வாசலில் தனியாகக் குனிந்திருக்கும் அந்த அரை மணி நேரம்தான் அவருடையது. 15 புள்ளி, 8-இல் நிறுத்தி, இழை பிசகாமல். அப்போது நாங்கள் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். அவருடைய கோல நோட்டின் பின்பக்கமெல்லாம் பால் கணக்கு. அந்த நோட்டை யாரும் சுவரில் மாட்டவில்லை. நானும்தான்.

அவர் மகள் நான், அன்றைக்கு மைக்கில் என்ன சொன்னேன் தெரியுமா? "குழம்பு வச்சிட்டுத்தாங்க போவேன்." சிரித்துக்கொண்டே சொன்னேன். வீடியோவில் அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.