ஆத்தங்குடிப் பட்டறையில் கோ மொழி

காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டே மென்பொருள் எழுதிப் பிழைக்க நினைக்கும் பிள்ளைகள் என்ன படிக்கலாம் என்று கேட்டால், கோ (Go) என்கிற புரோகிராமிங் மொழி என்றுதான் சொல்கிறேன். நண்பர்கள் பலருக்கு இது ஒப்பவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் ஜாவா கேட்கிறார்களே என்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அங்கே கேட்பதைப் படிக்கட்டும். நான் சொல்வது இங்கேயே தங்கிக் கடைக்கும் பட்டறைக்கும் புரோகிராம் எழுதிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் ஒரு பட்டறைக்கு ஆர்டர் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு மேசை. அதன் மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். எல்லாவற்றின் மேலும் சிமெண்டுத் தூசி. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் போனில் டிசைனும் சதுர அடியும் சொல்வார்கள். சொன்ன உடனே பதிய வேண்டும், நெட் போனாலும் ஓட வேண்டும், கோளாறு என்றால் பார்க்க அங்கே ஆள் கிடையாது.

முதலில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில்தான் எழுதினேன். நல்ல மொழி, இன்றும் பல வேலைக்கு அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் வேறெதையோ நிறுவ வந்த ஒருவர் அந்தக் கம்ப்யூட்டரில் பைத்தான் பதிப்பை மாற்றிவிட்டுப் போக, மறுநாள் காலை என் புரோகிராம் திறக்கவே இல்லை. நான் அன்று தேவகோட்டையில். பட்டறையில் நாள் முழுக்க நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கோ மொழியில் அந்தச் சிக்கலே எழாது. கம்பைல் செய்தால், அதாவது எழுதியதைக் கம்ப்யூட்டர் நேரே இயக்கும் வடிவுக்கு மாற்றினால், வருவது ஒரே ஒரு கோப்பு. திரையில் தெரியும் பக்கங்களையும் படங்களையும்கூட அதற்குள்ளேயே பொதிந்துவிடலாம். 2021இல் வந்த 1.16 பதிப்பிலிருந்து அந்த வசதி மொழியோடு சேர்ந்தே வருகிறது. பென்டிரைவில் கொண்டுபோய்க் காப்பி செய்து இயக்கினால், மற்றக் கருவிகள் கேட்பதைக் கொடுக்கும் சர்வர் தயார். பட்டறையில் இருப்பவர்களின் போன்கள் வைஃபை வழியாக பிரவுசரில் அதையே பார்க்கும். தனியாக ஆப் தேவைப்படவில்லை. போனுக்கென்றே அழகான ஆப் வேண்டுமென்றால் கோ மொழி அதற்கு ஏற்றதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2023இல் ஒரு சோதனை வந்தது. என் லேப்டாப்பில் கோ 1.21 போட்டேன், அதில் கம்பைல் செய்த புதுக் கோப்பைக் கொண்டுபோனேன், பட்டறைக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை. அதில் இருந்தது விண்டோஸ் 7. கோ 1.20தான் விண்டோஸ் 7இல் ஓடும் கடைசிப் பதிப்பு, 1.21இலிருந்து குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். பழைய பதிப்பிலேயே காலத்தை ஓட்டலாம்தான், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் கடைசி இரண்டு பெரிய பதிப்புகளுக்கு மட்டுமே வரும். யோசித்துவிட்டு அந்தக் கம்ப்யூட்டரிலேயே லினக்ஸ் போட்டேன். எந்த இயங்குதளம், எந்தச் சிப் என்று சொல்லும் இரண்டு அமைப்புகளை மாற்றி மறுபடி கம்பைல் செய்ததோடு சரி. ஒரு வரி கோடுகூட மாறவில்லை. முதலாளி பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, நேத்து மாதிரியேதானே இருக்கு?" என்றார். எனக்கு அதைவிட என்ன வேண்டும்!

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தகவலை ஒரே கோப்பில் சேமிக்கும் எஸ்கியூலைட் (SQLite) தரவுத்தளத்தை வைப்பவர்கள், அதோடு பேச சி மொழியை நம்பியிருக்கும் டிரைவரை (இணைப்பு நிரலை) எடுத்தால், இப்படி வேறு இயங்குதளத்துக்கு எளிதாகக் கம்பைல் செய்யும் சௌகரியம் பெரும்பாலும் போய்விடும். முழுக்க கோ மொழியிலேயே எழுதிய டிரைவர் இருக்கிறது, அதை எடுங்கள்.

அப்புறம் தமிழ். எல்லா மொழி எழுத்துகளையும் கம்ப்யூட்டரில் சேமிக்க உதவும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையை 1992இல் வடிவமைத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். அதே இருவர்தான் ராபர்ட் கிரீஸ்மரோடு சேர்ந்து 2007இல் கூகுளில் கோ மொழியைத் தொடங்கினார்கள். அதனால் புரோகிராமில் மதிப்பைச் சேமிக்கும் மாறியின் பெயரைக்கூடத் தமிழ் எழுத்தில் தொடங்கலாம். ஆனால் 'ஆத்தங்குடி' என்ற பெயரின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள், 30 என்று சொல்லும். அது பைட் கணக்கு, அதாவது சேமிக்க எடுக்கும் இடம். புள்ளி, துணைக்குறி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும் ரூன் கணக்கில் 10. நம் கண்ணுக்கு அது ஆறே எழுத்து. பில்லில் ஊர்ப் பெயரை 20 பைட்டில் வெட்டப் போய், 'ஆத்தங்' என்று நின்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி அச்சானது. சொந்த ஊர்ப் பெயர் அப்படிக் குதறிப்போய் வந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஸ்விஃப்ட் என்ற வேறொரு புரோகிராமிங் மொழியில் கேட்டால் நேரே ஆறு என்றே சொல்லும். கோ மொழியில் அதற்கு வெளியிலிருந்து ஒரு பேக்கேஜ் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) சேர்க்க வேண்டியிருக்கிறது. தமிழ், இந்தி எழுதுகிற இத்தனை கோடிப் பேர் இருக்கும்போது இது மொழிக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒவ்வொரு அடியிலும் பிழை வந்ததா என்று கேட்டு எழுத வேண்டியிருக்கிறது என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வரவு செலவை வரிவரியாய் ஒத்துப் பார்த்து ஐந்தொகை போட்ட ஊர் இது. பணக் கணக்குக்கான புரோகிராமில் எந்த இடத்தில் தவறலாம் என்பது கண்ணுக்குத் தெரிய எழுதியிருப்பது நல்லதுதானே? 2012இல் 1.0 வந்தபோது, அதற்கு எழுதிய கோடு பின்னால் வரும் 1.x பதிப்புகளிலும் ஓடும் என்று வாக்குக் கொடுத்தார்கள். இன்றுவரை காப்பாற்றியும் வருகிறார்கள். தனியாளாகப் பத்துக் கடைகளைப் பார்த்துக்கொள்பவனுக்கு இது பெரிய நிம்மதி.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது படித்துப் பார்க்க விரும்பினால் கமெண்டில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்போடு வந்தால் போதும், முதல் சர்வரை மதியத்துக்குள் ஓட வைத்துவிடலாம்.