மூன்று வாரம் கழித்து ஒரு காபி

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வார இறுதியில் நம்மவர்கள் நாலு குடும்பம் கூடினால், பிரியாணி ஆறுவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிடும்: "இந்த டச்சுக்காரர்கள் ஒட்டவே மாட்டார்கள்." இங்கே குடிவந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மூன்று ஆண்டுகள் நானும் அந்தக் கோஷ்டிதான்.

வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஒருநாள் காபி குடிக்க வாருங்கள்" என்றேன். நம் ஊரில் அது ஒரு மரியாதைப் பேச்சு. அவர் நின்ற இடத்திலேயே கைப்பேசியை எடுத்து, தன் 'அகெண்டா'வை, அதாவது நாட்குறிப்பைப் பார்த்தார். "மூன்று வாரம் கழித்து, வியாழன் இரவு எட்டு மணி?" எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த வியாழன் எட்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சொன்னதையே மறந்திருந்தவன் நான்தான். வீட்டில் பால்கூட இல்லை.

பிறகு அவர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனோம். கூடத்தில் நாற்காலிகள் வட்டமாக. உள்ளே நுழைகிறவர் ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். பிறந்தநாள்காரரை மட்டுமல்ல, அவர் மனைவியை, மாமியாரை, அண்ணனை. என் கையையும் ஒரு பாட்டி பிடித்துக் குலுக்கினார், பக்கத்து வீட்டுக்காரர் பிறந்ததற்கு நானும் காரணம் என்பதுபோல! ஆளுக்கு ஒரு துண்டு ஆப்பிள் கேக், காபி. விருந்து இருக்கும் என்று நம்பி வெறும் வயிற்றோடு போன நாங்கள், வீடு திரும்பித் தயிர்சாதம் சாப்பிட்டோம்.

எனக்கு வழி திறந்தது மகனின் கால்பந்துச் சங்கத்தில்தான். இங்கே ஊர்ச் சங்கங்களைப் பெரும்பாலும் உறுப்பினர்களும் பெற்றோர்களும்தான் சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். சனிக்கிழமை கான்டீன் வேலைப் பட்டியலில் என் பெயரும் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே போனேன். பிட்டர்பாலன் என்கிற இறைச்சி உருண்டைகள் பொரியும் எண்ணெய்க்கு முன்னால் இன்னொரு பையனின் அப்பாவோடு இரண்டு மணி நேரம் நின்றேன். அடுத்த மாதமும் அவரோடுதான் முறை. மூன்றாம் முறை, கரண்டியைத் திருப்பிக்கொண்டே, தன் தந்தைக்கு மறதி நோய் முற்றிவிட்டதைச் சொன்னார். அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்கு நேரத்தில் போய்ச்சேர முடியாததை நான் சொன்னேன். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் இருவருமே வாய் திறந்திருக்க மாட்டோம்.

அவர்களைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை யோசிக்கலாம். அவர்களுடைய தொடக்கப்பள்ளி நண்பர்கள் சைக்கிள் தூரத்தில் இருக்கிறார்கள். நம்மில் பலரோ வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கான ஐந்து ஆண்டு வரிச்சலுகை முடிந்ததும் மூட்டை கட்டுகிறோம். போகப்போகிறவனிடம் ஏன் மனதைக் கொடுக்க வேண்டும்?

என் மனத்தாங்கலும் ஒன்று உண்டு. டச்சில் ஒரு சொல் தடுக்கினால் போதும், உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். பழகுகிறவனுக்கு அது உபத்திரவம். "டச்சிலேயே பேசுங்கள், நான் மெதுவாக வருகிறேன்" என்று வாய்விட்டுக் கேட்கவே எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

போன மாதம் அந்தக் கான்டீன் நண்பர் வீட்டுக் கழிப்பறையில் பிறந்தநாள் நாட்காட்டியைப் பார்த்தேன். கிழமை இல்லாத, ஆண்டுதோறும் அதையே பயன்படுத்துகிற நாட்காட்டி. இங்கே அது தொங்கும் இடம் அதுதான். அத்தை, சித்தப்பா, பேரப்பிள்ளைகளுக்கு நடுவே நீல மையில் என் பெயர், இரண்டு எழுத்துப்பிழைகளோடு. அன்றிரவே அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எழுத அவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?" என்றார்.