லேபிள் சரிபார்ப்பது குமாஸ்தா வேலை இல்லை

ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தனை மாதமும் தரவைச் சரிபார்த்தேன் என்று சொன்ன மாணவியிடம், "இது குமாஸ்தா வேலையாச்சே, ஆராய்ச்சி எங்கேம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டது ஒருவர்தான், ஆனால் சிரித்தது அறை முழுக்க. எனக்கு அந்தச் சிரிப்புதான் இன்னும் ஆறவில்லை.

அவர் செய்ததுதான் ஆராய்ச்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நிரலில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டைகளை ஏஐ மாடல் கண்டுபிடிக்குமா என்பது அவருடைய தலைப்பு. இதற்கான தரவுத்தொகுப்புகள் பெரும்பாலும் எப்படித் தயாராகின்றன? நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் வரலாற்றில், ஓட்டையை அடைத்த கமிட்டை, அதாவது ஒரே தடவையில் பதிவான மாற்றத்தொகுப்பை, தேடிப்பிடிப்பார்கள். அந்தக் கமிட் தொட்ட ஒவ்வொரு ஃபங்ஷனின் (நிரலின் ஒரு சிறு பகுதி) பழைய வடிவத்துக்கும் 'ஓட்டை உள்ளது' என்று லேபிள் விழும். ஆனால் உண்மையான கமிட் அவ்வளவு சுத்தமாக இருக்காது. ஓட்டையை அடைத்தது ஒரே ஒரு ஃபங்ஷனில் இருக்கும். அதற்குப் புது ஆர்குமென்ட் (உள்ளீடு) சேர்த்ததால் அதை அழைக்கும் இடங்களிலெல்லாம் ஒரு வரி மாறியிருக்கும். போகிற போக்கில் யாரோ வரிகளின் முன் இடைவெளியைச் சரிசெய்திருப்பார்கள், ஒரு வேரியபிள் பெயரை மாற்றியிருப்பார்கள். அந்த ஃபங்ஷன்கள் எல்லாமே ஓட்டை என்று பதிவாகிவிடும்.

அடுத்தது நகல்கள். ஒரே ஃபங்ஷன் நிரலின் பல கிளைகளில் (பிரதிகளில்) இருக்கும். ஒன்று பயிற்சித் தரவிலும் இன்னொன்று சோதனைத் தரவிலும் விழுந்தால் மாடல் மனப்பாடமாக ஒப்பித்துவிடும். கண்டுபிடிக்க, இடைவெளிகளையும் கமென்ட்களையும் நீக்கிவிட்டு ஹாஷ் (உரையிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிட வேண்டும். பிறகு, தரவைக் கண்மூடித்தனமாகக் கலைத்துப் பிரித்தால் நாளைய கமிட்டைப் படித்துவிட்டு நேற்றைய ஓட்டையைச் சொல்வதுபோல ஆகிவிடும். அதனால் கமிட் தேதியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஓட்டையுள்ள வடிவத்தையும் அடைத்த வடிவத்தையும் ஜோடியாகக் கொடுத்துப் பார்ப்பது இன்னும் கடுமையான சோதனை. இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் மாடல் ஓட்டையைப் பார்க்கவில்லை, வேறு எதையோ பார்க்கிறது.

இதெல்லாம் சில்லறை விஷயமா? 2024இல் வந்த, பிரைம்வல் என்ற ஓட்டைத் தரவுத்தொகுப்பின் ஆய்வைப் பாருங்கள். 7 பில்லியன் பாராமீட்டர் கொண்ட ஒரு மாடல், பலரும் பயன்படுத்திய பிக்வல் தொகுப்பில் எஃப்1 (எத்தனை ஓட்டையைப் பிடித்தது, எத்தனை பொய் எச்சரிக்கை என்று இரண்டையும் சேர்த்த மதிப்பெண்) 68.26 சதவீதம் வாங்கியது. லேபிளைத் திருத்தி, நகலை நீக்கி, தேதிப்படி பிரித்த பிரைம்வல் தொகுப்பில் அதே மாடல் வாங்கியது 3.09. எடைக்கல்லே பொய்யாக இருந்தால் எதை நிறுத்து என்ன பயன்?

"சரி, புதுமை எங்கே?" என்று இங்கேயும் கேட்பீர்கள். நிரலின் பிழைகளைத் தானாகத் திருத்தும் ஜென்ப்ராக் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 105 பிழைகளில் 55ஐத் திருத்தியதாக 2012இல் கட்டுரை வந்தது. 2015இல் வேறொரு குழு அந்தத் திருத்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது. உண்மையிலேயே சரியானவை 2 பிழைகளுக்குத்தான். சில சோதனை ஸ்கிரிப்ட்கள் நிரலின் விடையைப் பார்க்கவே இல்லை, எக்ஸிட் கோட் (நிரல் முடியும்போது தரும் எண்) சரியாக வந்ததா என்று மட்டும் பார்த்திருக்கின்றன. பல திருத்தங்கள் செய்தது, இருந்த வசதியை நீக்கியதுதான். 'டெஸ்ட் பாஸ் ஆவது வேறு, சரியாக இருப்பது வேறு' என்று இன்று அந்தத் துறையில் எல்லோரும் பிரித்துப் பேசுகிறோமே, அப்படி உட்கார்ந்து பார்த்தவர்கள் கொடுத்த அறிவு அது. உங்கள் கணக்கில் அவர்களும் குமாஸ்தாக்களா?

"கம்பெனிகள் இதற்கெல்லாம் நேரம் செலவழிப்பதில்லை" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தவறு. நிஜ நிரல் பிழைகளை ஏஐ மாடல் திருத்துமா என்று சோதிக்கும் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் தொகுப்பைச் சரிபார்க்க 2024இல் ஓப்பன்ஏஐ 93 டெவலப்பர்களை அமர்த்தியது. பார்த்த 1,699 கேள்விகளில் 68.3 சதவீதத்தைக் கழித்துவிட்டார்கள். கேள்வி தெளிவில்லை, அல்லது சரியான விடையையும் டெஸ்ட் தவறென்று தள்ளிவிடும். அத்தனை பேர் செய்த வேலையை ஒரு மாணவி தனியாகச் செய்தால் சிரிக்கிறோம்.

சரிபார்ப்பதால் கால தாமதமாகும் என்பது நியாயமான கவலைதான், உதவித்தொகை முடிந்துவிடும். அதற்கு வழிகாட்டி முதல் ஆண்டிலேயே திட்டமிட்டிருக்க வேண்டும், மாணவியைக் கேட்டுப் பயனில்லை. "இதை யார் பிரசுரிப்பார்கள்?" என்பதற்கு மட்டும் எனக்குப் பொறுமை இல்லை. மென்பொருள் தரவு ஆய்வுக்கான எம்எஸ்ஆர் மாநாடு 2020 முதல், முடிவு வருவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தை மதிப்பிட்டு ஏற்கிறது. மறுசோதனைகளுக்கும் எதிர்மறை முடிவுகளுக்கும் மென்பொருள் ஆய்வுக்கான சேனர் மாநாட்டில் தனிப் பிரிவு இருக்கிறது. தெரியாவிட்டால் தேடிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

நம்பகமான ஏஐ என்று தலைப்பில் போட்டுவிட்டால் நம்பிக்கை வந்துவிடாது. நூறு ஃபங்ஷனில் மூன்றில்தான் ஓட்டை என்றால், எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று சொல்லும் மாடலுக்கும் 97 சதவீதத் துல்லியம் கிடைக்கும். அந்த 97ஐ ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அன்று கைதட்டியிருப்பார்கள் இல்லையா? அதுதான் வலிக்கிறது. நேர்மையாகச் சரிபார்த்து, அதனால் குறைந்துபோன எண்ணைக் கொண்டுவந்தவர் தலைகுனிந்து நிற்கிறார். பார்த்துக்கொண்டிருந்த மற்ற மாணவர்கள் அன்று என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? அடுத்த முறை அவர்கள் நகலை நீக்க மாட்டார்கள். நீக்கினால் எண் குறையும் என்று தெரிந்துவிட்டது.

அந்தக் குழுவில் இருப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவரைக் கடுமையாகவே கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனை மாதிரியை இரண்டு பேர் தனித்தனியாக லேபிள் செய்தார்கள், கப்பா மதிப்பு (இருவரும் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதன் அளவு) எவ்வளவு, ஒத்துப்போகாத இடங்களை யார் தீர்த்தது என்று கேளுங்கள். எத்தனை ரேண்டம் சீட் (தற்செயல் தேர்வுகளின் தொடக்க எண்) வைத்து ஓட்டினார், மாடலின் பதிப்பையும் ப்ராம்ப்டையும் மூலப் பதில்களையும் சேமித்தாரா என்று கேளுங்கள். 2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிரல் எழுதும் கோடெக்ஸ் மாடலை நிறுத்துவதாகச் சில நாள் அவகாசத்தில் அறிவித்தபோது, அதை நம்பி எழுதிய கட்டுரைகளை மறுபடி சோதிக்க முடியாமல் போகுமே என்று ஆய்வாளர்கள் தவித்தார்கள். அதனால் இதைக் கேட்பது உங்கள் கடமையும்கூட. இவற்றுக்கு அவர் திணறினால் திருப்பி அனுப்புங்கள், ஒரு வார்த்தை பேசமாட்டேன். இந்தக் கேள்விகளில் ஒன்றையும் கேட்காமல் சிரித்ததற்குத்தான் அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன். கூட்டம் நடந்த அதே அறையில், அதே ஆட்கள் முன்னால்.